ஊற்றடியில் கேட்கவில்லை

முப்பதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகளே ஆன ஒருத்தி பணிக்கால நினைவுகளை எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் எனக்குச் சால்வை போர்த்தியாகிவிட்டது. கொல்லிமலைச் சோலைகளில் தவளை தேடும் வேலையிலிருந்து நான் விலகிய அன்று, ஆராய்ச்சி மையத்தில் எல்லாரும் பின்னால் நிற்க, என்னை நடு நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். “இனிமேலாவது தவளைங்க நிம்மதியாத் தூங்கட்டும்” என்றார் ஜீப் ஓட்டுநர். இப்போது ராசிபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். தேர்வெழுதிப் பெற்ற வேலை.

போன மாதம் சுகன்யா பேசினாள். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிறவள். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு செய்ததை இன்று மரத்தில் கட்டிய ஒரு பெட்டி செய்கிறது. அது சத்தத்தைப் பதிந்து வைக்கும். எது தவளை, எது பூச்சி என்று கணினி பிரித்துச் சொல்லும். நல்லதுதான். பெட்டிக்குக் காய்ச்சல் வராது.

“அக்கா, ஊற்றடியில ரெண்டு மழைக்காலமாப் பெட்டி வச்சிருக்கோம். ஒரு சத்தங்கூடப் பதியலை. பழைய பதிவுல பாத்தா அங்கதான் அதிகம்னு இருக்கு. நடுவுல என்ன ஆச்சுன்னு யாரும் எழுதி வைக்கலை. நீங்க எழுதித் தாங்களேன். புதுசா வந்திருக்கிற பொண்ணுங்களும் படிக்கட்டும்.”

ஊற்றடி எங்கள் குடும்பத்து நிலம். கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்னும் ஊர்த்தொகுப்பில், எங்கள் மரவள்ளித் தோட்டத்தின் மேல் விளிம்பில் இருக்கிறது. அங்கே நடந்தது பதிவில் எழுதுகிற மாதிரியான விஷயமாக அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்று கேட்கிறவர்கள் இருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அண்ணன் பெரியசாமி ஆடு மேய்த்தார். பிறகு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனார். அவர் ஏணியில் நின்ற நாட்களில்தான் நான் கல்லூரி விடுதியில் உட்கார்ந்து படித்தேன். இதை எந்த மேடையிலும் சொல்வேன். விலங்கியல் பட்டத்தை வாங்கிக்கொண்டு மலையேறிய அன்று, கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையிலும் அந்த உறையை மடியிலிருந்து இறக்கவில்லை.

அந்தப் பட்டம் வாங்கித் தந்த வேலை தவளை தேடுவது என்று தெரிந்ததும் அப்பா, “தவளை பாக்கறதுக்குப் படிப்பு எதுக்கு அம்மிணி? மழை பேஞ்சா அதுவே ஊட்டுக்குள்ள வருமே” என்றார். பேருந்து நடத்துநர் ஒருவர் நான் இறங்கவேண்டிய இடம் வந்தால் உரக்கச் சொல்வார்: “தவளை டீச்சர், ஸ்டாப்பிங் வந்துருச்சு. தாவி எறங்குங்க.” பேருந்தே சிரிக்கும். நான் தலையை நிமிர்த்தி, கடைசிப் படி வரை நடந்தே இறங்குவேன்.

நாங்கள் தேடியது குளத்துத் தவளை அல்ல. கட்டைவிரல் நகத்தளவே இருக்கும், செடியிலும் மரத்திலும் வாழும் ஒரு சிறு தவளை. நனைந்த சருகின் நிறம். விரல் நுனிகளில் சின்னச் சின்ன வட்டங்கள். அவற்றால்தான் இலையைப் பிடித்துக்கொள்ளும். உயரமான மலைகளின் மழைக்காடுகளைத் தவிர வேறெங்கும் பிழைக்காது. அழியும் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் மலையில் அதற்குத் தனிப்பெயர் எதுவும் கிடையாது. மழைக்குக் கத்துவது எல்லாமே எங்களுக்குத் தவளைதான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு கோடைமழையில் அட்டைக்குப் பழகினேன், ஒரு மழைக்காலத்தில் இருட்டும் நேரத்துக்குப் பழகினேன். மற்றதெல்லாம் எங்கள் குழுவை நடத்திய நிர்மலா மேடத்திடம் கற்றது.

மேடம் திருச்சியில் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் கைக்குட்டையை எடுத்து நான்காக மடிப்பார். மறுபடி விரித்து மறுபடி மடிப்பார். அதற்குள் நமக்கு வியர்த்துவிடும். வாயால் பாராட்டவும் மாட்டார். அவருக்குப் பிடித்த மாதிரி வேலை செய்துவிட்டால், அடுத்த நாள் முன்னால் நடக்கும்போது டார்ச்சை நம் கையில் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான். அந்த டார்ச்சுக்காக நாங்கள் ஏங்கியிருக்கிறோம்.

சோலைக்குள் நுழையும் முன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி மருந்துத் தண்ணீரில் முக்க வேண்டும். ஓர் ஓடையின் பூஞ்சையை இன்னோர் ஓடைக்குக் கொண்டுபோகக் கூடாது, தவளைகளை அது கூட்டமாகக் கொன்றுவிடும். கொசுவுக்கான களிம்பு கையில் படவே கூடாது. இது தோலாலும் மூச்சு விடுகிற உயிர். நம் கையில் இருப்பது அதன் உடம்புக்குள் போய்விடும். இலையைத் திருப்பும் முன் இரண்டு கைகளையும் அந்த இடத்துத் தண்ணீரிலேயே நனைக்க வேண்டும். காய்ந்த கையால் தொட்டால் அதன் ஈரத்தை நாம் எடுத்துக்கொள்வோம். “கையை நனைச்சுக்கோ” என்பது மேடம் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை முறை வரும் என்று நாங்கள் பந்தயம் கட்டியதுண்டு.

கேட்பதற்கும் முறை இருந்தது. இடத்துக்குப் போனதும் கேட்க ஆரம்பிக்கக் கூடாது. நாம் வந்த சத்தம் அடங்கி, நம்மை மறந்து, அவை மறுபடி கத்தத் தொடங்கும் வரை அசையாமல் நிற்க வேண்டும். அட்டை ஏறினாலும் நிற்க வேண்டும்.

நான் முதன்முதலாகப் போன மாலையில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. எவர்சில்வர் டம்ளரின் விளிம்பை நகத்தால் சுண்டியது போல ஒரு சத்தம். டிக். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“மேடம், இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, பின்னால கூட ஒண்ணு” என்றேன்.

மேடம் திரும்பாமலே கேட்டார்: “கேட்டியா, நெனச்சியா?”

எனக்குச் சுருக்கென்றது. மலையில் பிறந்தவள் நான். டவுனில் பிறந்தவர் என் காதைச் சந்தேகப்படுகிறாரே என்றிருந்தது. பேசாமல் நின்று மறுபடி கேட்டேன். பின்னால் கேட்டது காட்டுச் சேம்பின் இலையில் சொட்டிய தண்ணீர். மழை விட்ட நேரத்தில் சொட்டும் நீரும் இந்தத் தவளையும் ஒரே குரலில் பேசும். ஆசையாகக் காத்திருக்கிறவர்களுக்குச் சொட்டு எல்லாம் தவளையாகக் கேட்கும்.

இன்னொன்றும் சொல்லித் தந்தார். ஓர் இடத்தில் ஒன்றும் கத்தவில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது. “இல்லைன்னு சொல்ல நாம யாரு? அது இருந்துட்டு வாயை மூடிட்டும் இருக்கலாம். கேட்கவில்லைன்னு எழுது. அது நம்மளைப் பத்தின உண்மை. அது போதும்” என்றார். நாங்கள் எழுதிய எந்தத் தாளிலும் ‘இல்லை’ என்ற சொல் இருக்காது. சுகன்யா, நீ இதைக் கவனித்திருப்பாய்.

ஊற்றடியை மேடத்துக்குக் காட்டியது நான்தான். ஓர் ஊற்று, அதைச் சுற்றி நாலைந்து பெரிய மரங்கள், கீழே பெரணியும் காட்டு ஏலமும் பாசி பிடித்த கற்களும். சோலையிலிருந்து ஒரு விரல் நீண்டு எங்கள் தோட்டத்துக்குள் வந்தது போல இருக்கும். குடிதண்ணீர் அங்கிருந்துதான் என்பதால் யாரும் அதில் கை வைத்ததில்லை. மேடம் அங்கே வந்து நின்ற மாலையில் எல்லாப் பக்கமும் டிக், டிக் என்று ஒரே பேச்சு. எது சொட்டு என்று தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. திரும்பும்போது டார்ச்சை என்னிடம் நீட்டினார்.

அங்கேதான் முதன்முதலாக முட்டைகளைப் பார்த்தேன். கைகளை நனைத்துக்கொண்டு ஓர் இலையைத் திருப்பினால், வெந்த ஜவ்வரிசி போல ஒட்டிக்கொண்டிருந்தன. ஜவ்வரிசிக்கு மரவள்ளி போடுகிற வீட்டுப் பெண்ணுக்கு வேறு உவமை தோன்றாது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு புள்ளி துடித்தது. இந்தத் தவளைக்குத் தண்ணீரில் நீந்துகிற தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே கால் முளைத்து முழுத் தவளையாகத்தான் வெளியே வரும். அதனால் அதற்குக் குளம் வேண்டாம். காயாமல் இருக்கிற ஓர் இலை போதும். ஆனால் அது கட்டாயம் வேண்டும்.

சில ஆண்டுகள் அப்படிப் போயின. பிறகு மையத்திலிருந்து ஒரு சுவரொட்டி அடித்தார்கள். ஈரமான ஓர் உள்ளங்கை, அதில் அந்தத் தவளை, நன்றாகப் பெரிதாக்கிய படம். கீழே தடித்த எழுத்தில் ‘நம் மலையின் மரத்தேரை. காப்போம்’. அந்தக் கை என்னுடையது. தவளை என்றால் மக்களுக்குக் குளம்தான் ஞாபகம் வரும், மரம் ஏறும் இனத்துக்குத் தமிழில் தேரை என்ற சொல் இருக்கிறது என்று மேடம்தான் அந்தப் பெயரை வைத்தார். சரியான சொல்தான். எங்கள் பக்கத்தில் தென்னை அதிகம் கிடையாது. மேடமோ டவுன்காரர். அந்தச் சொல் கீழ்நாட்டில் வேறு எதையெல்லாம் சுமக்கிறது என்று அதைப் படித்துப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தெரிந்த ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அண்ணி மல்லிகா மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரர். அவருடைய பிறந்த வீட்டில் தென்னந்தோப்பு உண்டு. அந்த வருடம் அவருக்குப் பெண் குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தர்ஷினி என்று பெயர் வைத்திருந்தோம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் செய்கிற முதல் காரியம் அவளைத் தூக்குவதுதான். என் காதோரம் மூக்கை வைத்து உரசுவாள்.

குழந்தை தேறவில்லை. பால் குடிக்கும், பாதியில் விட்டுவிட்டு அழும். கை கால்கள் குச்சியாகி, வயிறு மட்டும் உருண்டு நின்றது. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பாட்டினார்கள்.

ஒருநாள் மாலை நான் வந்து கையை நீட்டியபோது அண்ணி குழந்தையை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“பஸ் ஸ்டாப்புல ஒட்டியிருக்காங்களே, அது உன் கைதானே அம்மிணி?”

“ஆமாங்கண்ணி.” பெருமையாகத்தான் சொன்னேன்.

“அந்தக் கையிலதான் தெனமும் எம்புள்ளையைத் தூக்கறே.”

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். “எங்கூர்ல சில தேங்காயை உரிச்சு ஒடைச்சா, உள்ள பருப்பும் இருக்காது, தண்ணியும் இருக்காது. ஓடு மட்டும் நல்லா இருக்கும். தேரை மோந்துருச்சும்பாங்க. கொழந்தைக்கும் அப்படித்தான். தேரை விழுந்துருச்சுன்னா உள்ள இருக்கறதெல்லாம் போயிரும். எம்புள்ளையைப் பாரு. ஓடு மட்டும்தான் இருக்குது.”

“அண்ணி, அது ஒண்ணும் பண்ணாதுங்க. நகத்தளவு தவளைங்க அது. பூச்சியைத் தின்னுட்டுக் கெடக்குது.”

“தவளைன்னு நீ சொல்றே. தேரைன்னு உங்க ஆபீசுலயே அச்சடிச்சு ஒட்டியிருக்காங்களே. எனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் அம்மிணி.”

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் கெஞ்சினார். “கும்புடறேன் சாமி, புள்ளையைத் தொடாதே.”

அன்றிலிருந்து என் துணிகளைத் தனிக் கொடியில் காயப்போட்டேன். சோப்புப் போட்டுக் கழுவிய கைகளோடு வாசலில் உட்கார்ந்திருப்பேன். அண்ணி இடுப்பிலிருந்து குழந்தை என் பக்கம் கையை நீட்டும். நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன்.

தூரத்திலிருந்து பார்ப்பதற்கு யாரும் தடை போடவில்லை. பார்ப்பதுதானே என் வேலை. தவளையின் தொண்டைத் துடிப்பைப் பார்த்துப் பழகிய கண் எனது. பால் குடிக்கும்போது குழந்தையின் நெற்றி வியர்த்தது. விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. அழுதால் உதட்டோரம் நீலம் தட்டியது. அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் மறுநாளே அண்ணியையும் குழந்தையையும் மலைமேலேயே உள்ள செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன்.

அந்த டாக்டர் இளம்பெண். குழந்தையின் மார்பில் குழலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். இடத்தை மாற்றி வைத்து மறுபடி கேட்டார். பிறகு, “இருதயத்துல கேக்கக் கூடாத ஒரு சத்தம் கேக்குது. ஓட்டை இருக்கலாம். நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க” என்றார். கேட்டவர் முகம் எப்படியிருக்கும், நினைத்தவர் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பையைக் கட்ட மறுத்துவிட்டார். ஊற்றடியில் தேரை இருக்கிற வரைக்கும் குழந்தைக்கு எந்த மருந்தும் ஒட்டாது, அது குடிக்கிற தண்ணீரே அங்கிருந்துதான் வருகிறது, அந்த இடத்தைச் சுத்தம் செய்யாமல் மலையை விட்டு இறங்க மாட்டேன் என்றார். அப்பா பேசிப் பார்த்தார். நான் பேசிப் பார்த்தேன். நான் பேசப் பேச அவர் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போனார். “நான் ரெண்டையும் செய்யப் போறேன் அம்மிணி. காலையில ஊத்தடியை வெட்டிப்போட்டுட்டு, மத்தியான பஸ்ஸுக்குப் புள்ளையைத் தூக்கிட்டு எறங்கறோம்.”

“அண்ணா, அது தேரையால இல்லீங்கண்ணா. டாக்டரம்மா சொன்னாங்கல்ல?”

“சொன்னாங்க. நீயும் சொல்றே. மல்லிகா வேற சொல்றா. எது நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ படிச்சவ, உனக்கு ஒண்ணு போதும். நான் புள்ளைக்கு அப்பன். எதையும் விட்டுவைக்க முடியாது.” கொஞ்சம் நிறுத்தி, “நீ வேண்டாம்னு சொன்னா வெட்டலை. ஆனா மல்லிகா பஸ் ஏற மாட்டா” என்றார்.

என்னைப் படிக்கவைத்த மனிதர் என்னிடம் அனுமதி கேட்டு நின்றார். அன்று நான் தடுத்திருக்க முடியும். மையத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாம். ஊரில் பெரியவர்களிடம் போயிருக்கலாம். அப்படிச் செய்தால் இன்னும் ஒரு வாரம் போகும். குழந்தையின் உதட்டு நிறம் கண்ணில் வந்து நின்றது. “வெட்டுங்கண்ணா” என்றேன்.

மேடத்துக்கு ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டையை மடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

“அது உங்க நிலம்மா. நான் அங்க விருந்தாளி” என்றார் கடைசியில். “புள்ளையைக் கூட்டிட்டுப் போங்க.” பிறகு, “முட்டை இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்குங்க மேடம்.”

“இலையோட எடு. கையை நனைச்சுக்கோ.”

காலையில் தூறல் இருந்தது. அண்ணனும் அப்பாவும் கீழிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். நான் அவர்களுக்கு முன்னால், மேலிருந்து, இலை இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். சாப்பாட்டு டிபன் பாக்ஸில் ஈரப் பாசியைப் பரப்பி, முட்டையுள்ள இலைகளைக் காம்போடு கிள்ளி அதில் அடுக்கினேன். அப்பா எதுவும் கேட்காமல், வெட்டும் முன் ஒவ்வொரு செடியையும் குலுக்கிக்கொண்டே வந்தார்.

அண்ணன் பெரணிப் புதரை ஒரு கையால் பிடித்து அரிவாளை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். இலையின் அடிப்பக்கத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“இதுவா?”

“இதுதாங்கண்ணா.”

“இத்தினியூண்டா?” குனிந்து பார்த்தார். “போஸ்டர்ல எருமையாட்டம் போட்டிருந்தாங்களே.”

அதன் தொண்டை அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் நெஞ்சு அடித்துக்கொள்வதை அவர் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். பிறகு குழந்தையிடம் பேசுகிற அதே குரலில், “போயிரு சாமி” என்று இலையை மெல்லச் சுண்டினார். அது தாவிக் காணாமல் போயிற்று. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு புதரை வெட்டினார்.

நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மேலே சோலைக்குள் ஓடினேன். ஓடைக்கரையில் நிழலாக இருந்த இடத்தில் இலைகளைச் செருகி வைத்தேன். மூச்சு வாங்க நான் திரும்பி வந்தபோது ஊற்றடியில் வெளிச்சம் விழுந்திருந்தது. அந்த இடத்தில் நிழலில்லாமல் நான் தரையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மரங்களின் கிளைகளைக் கழித்து, கற்களிலிருந்த பாசியை மண்வெட்டியால் சுரண்டியிருந்தார்கள். அண்ணி வந்து பார்த்தார். உள்ளே போய்ப் பையைக் கட்டினார்.

மத்தியானப் பேருந்தில் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வளைவுகளில் அவருக்கு வாந்தி வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “புடி அம்மிணி” என்று குழந்தையை என்னிடம் கொடுத்தார். அவ்வளவு நாளைக்குப் பிறகு அது என் காதோரம் மூக்கை வைத்தது. என் கையில் இன்னும் பாசி வாசனை இருந்தது.

நாமக்கல்லில் சோதித்துப் பார்த்து ஓட்டைதான் என்றார்கள். சென்னைக்கு அனுப்பினார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. தர்ஷினி பிழைத்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு கன்னத்தில் குழி விழச் சிரித்தாள். அண்ணன் ஊற்றுக்குச் சிமெண்ட் உறை இறக்கினார். மிச்சமிருந்த மரங்களும் போய், எங்கள் பக்கத்தில் சவுக்கு என்று சொல்கிற சில்வர் ஓக் மரம் நட்டு அதில் மிளகுக் கொடி ஏற்றினார். மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது.

யாராவது குழந்தையைப் பற்றி விசாரித்தால் அண்ணி சொல்வார்: “தேரை விழுந்து கெடந்தா. எடத்தைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போனோம். அதுக்கப்பறம்தான் மருந்து ஒட்டுச்சு.” நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். இருதயத்தின் படம் போட்டு அவருக்கு விளக்க எனக்குத் தெரியும். ஒருமுறை விளக்கியும் இருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதுவும்தான்” என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

சுவரொட்டியை எடுத்துவிட்டு மேடம் புதிதாக அடித்தார். ‘மரத்தவளை’ என்று இருந்தது. படத்தில் கை இல்லை, இலை மட்டும்தான்.

வெட்டிய பிறகு வந்த முதல் மழைக்காலத்தில் மேடம் ஊற்றடிக்கு வந்தார். கேட்க வேண்டிய நேரத்துக்கு முன்பே வந்து, அசையாமல் நின்றார். நானும் நின்றேன். சொட்டு விழக்கூட அங்கே இலைகள் இருக்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் மேடம் குனிந்து, சிமெண்ட் உறையிலிருந்து வழிந்த தண்ணீரில் இரண்டு கைகளையும் நனைத்துக்கொண்டார். திருப்பிப் பார்க்க ஓர் இலையும் இல்லாத இடத்தில், நனைந்த கைகளோடு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பும்போது டார்ச்சை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஜீப் வரை அவரே பிடித்துக்கொண்டு வந்தார்.

அன்றைய தாளில் ‘கேட்கவில்லை’ என்று எழுதினேன். அடுத்த ஆண்டும் அதையே எழுதினேன். அதற்கடுத்த ஆண்டும். டிபன் பாக்ஸில் கொண்டுபோய் வைத்தவை என்னாயின என்று பார்க்க மேலே சோலைக்கும் போவேன். அங்கே முன்பும் சில கத்தும். பிறகும் சில கத்தின. அவற்றில் என் இலையிலிருந்து வந்தது உண்டா என்று சொல்ல எந்த வழியும் இல்லை. ஆசை இருக்கிறது. ஆசையை எந்தத் தாளிலும் எழுத முடியாது. தேர்வு முடிவு வந்ததும் விலகிவிட்டேன். ஏன் என்று மேடம் கேட்கவில்லை. சால்வையைப் போர்த்தியது அவர்தான்.

சுகன்யாவுக்கும் புதிதாக வந்திருக்கிற பெண்களுக்கும் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பெட்டி பழுதாகவில்லை. பழைய பதிவிலும் பிழை இல்லை. அங்கே ஒரு குழந்தை பிழைக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு சொல் வந்து விழுந்தது.

இந்த மழைக்கு ஊருக்குப் போயிருந்தேன். தர்ஷினி பள்ளிக்கூடம் போகிறாள். மார்பின் நடுவே தழும்பு ஒரு கோடாக இருக்கிறது. அதை யார் கேட்டாலும் சட்டையைத் தூக்கிக் காட்டுவாள்.

மாலையில் மழை விட்டதும் என் விரலைப் பிடித்துக்கொண்டு மிளகுத் தோட்டத்துக்கு வந்தாள். “அத்தை, இங்க தேரை இருந்துச்சாமா? அம்மா சொன்னாங்க. எப்படி இருக்கும்? பெருசா?”

என் கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன். அவள் நம்பவில்லை.

“எப்படிக் கத்தும்?”

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி விடுவித்துக் காட்டினேன். டிக். அவளும் செய்து பார்த்தாள். முதலில் வரவில்லை, பிறகு வந்தது. என்னைவிட நன்றாகவே வந்தது. சவுக்கு மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு டிக், டிக் என்று கூப்பிட்டாள்.

“கூப்புட்ட உடனே அது பேசாது கண்ணு. சத்தம் போடாம நிக்கணும்” என்றேன்.

நின்றாள். அவள் வயதுக்கு அது கஷ்டம். ஆனாலும் காலை மாற்றாமல் நின்றாள். சிமெண்ட் உறையின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அத்தை,” என்று கிசுகிசுத்தாள். “ஒண்ணு பேசுச்சு.”

நான் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“கேட்டியா கண்ணு, நெனச்சியா?”

அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள். மறுபடி ஒரு சொட்டு விழுந்தது. அதைப் பார்த்தாள்.

“நெனச்சேன்” என்றாள்.